இயங்குதளம் கட்டியாயிற்று; இனி என்ன?



புது வீட்டைக் கட்டி முடித்துச் சாவியைக் கையில் வாங்கியவர், அன்றிரவே அதில் குடியேறிவிட முடிவதில்லை. சுவர் நிற்கிறது; கூரை இருக்கிறது; கதவு திறந்து மூடுகிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை, அடுப்பு இல்லை, தபால்காரருக்கு அந்த முகவரியே தெரியாது. மூலநிரலிலிருந்தே ஒரு சிறிய இயங்குதளத்தைக் கட்டி முடித்த மாணவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் ஓடும் நிரல்களையும் இணைத்து நடத்திச் செல்லும் அடிப்படை நிரல்தொகுதியே இயங்குதளம் என்பது நீங்கள் அறிந்ததே. பெரும்பாலோர் இதைப் பிறர் சமைத்து வைத்த உணவாகவே பெறுகிறோம். நாமே சமைத்துப் பார்க்க விரும்புவோருக்காக ஜெரார்டு பீக்மன்ஸ் என்பவர் 1999-ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டி நூலைத் தொடங்கினார். ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 80 பொதிகளின் மூலநிரலை எடுத்து, ஒவ்வொன்றையும் கம்பைலரில் இட்டு, உரிய இடத்தில் பொருத்தி, கடைசியில் கெர்னல் என்னும் உட்கருவையும் ஆக்கி முடித்தால், உங்கள் கையால் ஆன லினக்ஸ் ஒன்று உங்கள் கணிப்பொறியில் எழுந்து நிற்கும். அந்நூலில் நேரத்தை நிமிடத்தில் சொல்வதில்லை. முதல் பொதியான பினுட்டில்ஸ் உங்கள் கணிப்பொறியில் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ அதுவே 1 அலகு. மற்றவை அதன் மடங்குகள். பழைய கணிப்பொறி வைத்திருப்பவரும் புதிய கணிப்பொறி வைத்திருப்பவரும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்த இது நல்ல உபாயம்.

அவ்வாறு கட்டி முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கறுப்புத் திரையில் ஒரு வரி தெரிகிறது: பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. கொடுத்தால் உள்ளே விடுகிறது. அதன் பிறகு ஒரு சிறு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்கிறது. படம் இல்லை, சுட்டி இல்லை, இணையம் இல்லை. “இதற்கா இத்தனை பாடு?” என்று சோர்வு தோன்றுவது இயற்கை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு முழுமையான கம்பைலர் இருக்கிறது. அடுப்பு இல்லாவிட்டாலும் குதிரில் விதைநெல் இருக்கும் வீடு இது. இனி வேண்டியதையெல்லாம் இதைக்கொண்டே விளைவித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் வேலைகள்

வேறெதையும் தொடுமுன் முழு அமைப்பையும் ஒரே கோப்பாகக் கட்டி, வேறொரு வட்டிலோ விரல்நினைவகத்திலோ நகல் எடுத்து வையுங்கள். பின்னால் எது கெட்டாலும் இந்த இடத்திற்குத் திரும்பிவிடலாம்.

அடுத்து, உங்களுக்கென ஒரு சாதாரணக் கணக்கு. இதுவரை நீங்கள் ‘ரூட்’ என்னும் தலைமைக் கணக்கில் இருக்கிறீர்கள். அதன் எண் 0. கெர்னல் எந்த அனுமதியைச் சரிபார்க்கும்போதும், கேட்பவர் எண் 0 என்றால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் விட்டுவிடும். ஒரு கட்டளையில் ஓர் இடைவெளி தவறிப்போய் விழுந்தால் முழு வட்டையும் அழித்துவிடக்கூடிய அதிகாரம் அது. சாதாரணக் கணக்குகளுக்கு வழக்கமாக 1000 முதல் எண் தருவார்கள். பொதிகளைக் கம்பைலரில் இடும் வேலையை இந்தச் சாதாரணக் கணக்கிலேயே செய்யுங்கள். உரிய இடத்தில் பொருத்தும் கடைசிப் படிக்கு மட்டும் ரூட்டாக மாறுங்கள். சமைப்பதற்கு எல்லாரும் வரலாம், உக்கிராண அறைச் சாவி ஒருவரிடம் மட்டுமே என்பது போன்ற ஏற்பாடு.

பொருத்தும் படியிலும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பொதியை நேரே அமைப்பில் பொருத்தாமல், முதலில் ஒரு வெற்று அடைவில் பொருத்திப் பாருங்கள். எந்தெந்தக் கோப்பு எங்கெங்கே போகப் போகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரியும். அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, பிறகு உண்மையான இடத்தில் பொருத்துங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பொதியை நீக்க விரும்பினால், எந்தக் கோப்பு யாருடையது என்று சொல்ல அந்தப் பட்டியல் ஒன்றே சாட்சி. கடையில் கிடைக்கும் பெரிய லினக்ஸ் தொகுப்புகளில் உள்ள பொதி மேலாளர் நிரல்கள் செய்யும் வேலையின் சாரம் இதுதான். கையால் ஒரு மாதம் செய்து பார்த்தவருக்கு அந்த நிரல்கள் ஏன் பிறந்தன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

படகு அக்கரையில்

இனி இணையம். இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் காத்திருக்கிறது. இணையத்தளங்களிலிருந்து கோப்பை இறக்குவதற்கென்றே அமைந்த கருவி அந்த 80 பொதிகளில் இல்லை. அதைப் பெற வேண்டுமானால் இணையத்திலிருந்து இறக்க வேண்டும்! படகு அக்கரையில், நாம் இக்கரையில். வழி எளிது: நீங்கள் கட்டுவதற்குப் பயன்படுத்திய பழைய இயங்குதளம் இன்னும் அதே வட்டின் வேறு பகுதியில் இருக்கிறதல்லவா? அதில் ஏறி, வேண்டிய மூலநிரல்களை இறக்கி, புதிய அமைப்பின் பகுதியில் வைத்துவிட்டுத் திரும்புங்கள்.

கம்பி வழி இணைப்பாக இருந்தால் கெர்னலில் உரிய இயக்கி இருந்தால் போதும். கம்பியில்லா இணைப்பு என்றால் பெரும்பாலான அட்டைகளுக்குத் தனியே ஒரு ஃபர்ம்வேர் கோப்பும் தேவை. அது அட்டையைச் செய்தவர் தரும் கோப்பு, கெர்னலின் மூலநிரலில் அடங்கியதன்று. முதல் இணைப்புக்குக் கம்பியே மேல் என்பது என் கருத்து.

கருவி கிடைத்தபின் ஒரு கேள்வி எழுகிறது: ‘நான்தான் இந்தத் தளம்’ என்று சொல்லும் கணிப்பொறி உண்மையிலேயே அந்தத் தளம்தானா? அதைச் சரிபார்க்கச் சான்றிதழ்கள் வேண்டும். எந்தச் சான்றளிப்பாளரை நம்புவது என்ற பட்டியலை மோசில்லா நிறுவனம் பேணி வருகிறது. பலரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, கோப்பு இறக்கும் ‘டபிள்யூ-கெட்’ என்னும் சிறு கருவி ஒன்றை ஒழுங்காகக் கட்ட நினைத்தால், அது தன் சுற்றத்தாரை அழைத்துக்கொண்டு வருகிறது. ஒரு பக்கம் சான்றிதழ்களுக்காக மூன்று: லிப்டாசன், அதன்மேல் பி11-கிட், அதன்மேல் மேக்-சிஏ. மறுபக்கம் தளப் பெயர்களுக்காக மூன்று: லிப்யூனிஸ்ட்ரிங், அதன்மேல் லிப்-ஐடிஎன், அதன்மேல் லிப்-பிஎஸ்எல். (இந்த லிப்-ஐடிஎன் சற்றே கவனிக்கத்தக்கது. ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’, ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் தளப்பெயர்கள் உண்டு. இணையத்தின் பழைய பெயர்ப்பதிவேடு ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். ஆகையால் தமிழ்ப் பெயரை அதற்குப் புரியும் குறியீடாக மாற்றித் தருவது இந்த நூலகத்தின் வேலை.)

எதை முன்னால் கட்டுவது?

இப்போது பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 7 பொதிகள். அவற்றை 7×6×5×4×3×2×1, அதாவது 5040 வரிசைகளில் அடுக்கலாம். ஆனால் அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள மூன்று பொதிகள் தமக்குள் வரிசை மாறக்கூடாது. டபிள்யூ-கெட் கடைசியில்தான் வர முடியும். இந்த விதிகளுக்கு உட்பட்ட வரிசைகள் எத்தனை? 6 இடங்களில் முதல் பக்கத்தாருக்கு 3 இடங்களைத் தேர்ந்துவிட்டால் மற்றவை தாமாகவே அமைந்துவிடும். 6 பொருள்களிலிருந்து 3-ஐத் தேரும் வழிகள் 20. ஆக 5040-இல் 20 மட்டுமே சரி! கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசையைத் தேர்ந்தால் 252-இல் ஒரு முறைதான் வெற்றி.

ஏழு பொதிகளுக்கே இப்படி என்றால், ஒரு படத்திரை அமைப்புக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான பொதிகளுக்கு? ஊகம் உதவாது; ஒரு முறை வேண்டும். ஆர்தர் கான் என்பவர் 1962-இல் வெளியிட்ட முறை மிக எளியது. ஒவ்வொரு பொதிக்கும் எதிரே, அது எத்தனை பொதிகளுக்காகக் காத்திருக்கிறது என்று ஓர் எண் எழுதுங்கள். 0 உள்ள ஏதேனும் ஒன்றைக் கட்டுங்கள். அதற்காகக் காத்திருந்தவற்றின் எண்ணில் ஒன்றைக் குறையுங்கள். மறுபடியும் 0 உள்ளதைத் தேடுங்கள். எல்லாம் தீரும்வரை இதுவே.

சரி, பொதிகள் மிச்சமிருந்தும் 0 உள்ளது எதுவுமே இல்லை என்றால்? ‘அ’ என்பது ‘ஆ’-வுக்காகக் காத்திருக்கிறது. ‘ஆ’-வோ ‘அ’-வுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை! இது வெறும் கற்பனை அன்று. எழுத்துகளின் வடிவத்தைத் திரையில் வரைந்து தருவது ஃப்ரீடைப் என்னும் பொதி. எழுத்துகள் எந்த வரிசையில், எவ்விதம் சேர்ந்து நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஹார்ஃப்பஸ். (பாரசீக மொழியில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்த பெயர் இது.) இவ்விரண்டும் ஒன்றையொன்று நாடின. பல ஆண்டுகளாகக் கட்டியவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமலே ஃப்ரீடைப்பைச் சற்றே குறையுள்ளதாகக் கட்டினார்கள். அதைக்கொண்டு ஹார்ஃப்பஸைக் கட்டினார்கள். பிறகு ஃப்ரீடைப்பை மீண்டும் ஒருமுறை முழுமையாகக் கட்டினார்கள்.

இந்த உத்தி உங்களுக்குப் புதிதன்று. சற்று நினைத்துப் பாருங்கள்: உங்கள் இயங்குதளத்தைக் கட்டும்போது கம்பைலரை ஏன் இரண்டு மூன்று முறை கட்டச் சொன்னார்கள்? சி மொழியின் அடிப்படை நூலகத்தைக் கட்டக் கம்பைலர் வேண்டும். முழுமையான கம்பைலருக்கோ அந்த நூலகம் வேண்டும். முதலில் அரைகுறைக் கம்பைலர், பிறகு நூலகம், பிறகு முழுக் கம்பைலர். அதே சுற்று, அதே தீர்வு.

திரையில் தமிழ்

படத்திரை அமைப்பைக் கட்டுவதற்கு முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தக் கறுப்புத் திரையில் ‘தமிழ்’ என்ற சொல் அடங்கிய ஒரு கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். கட்டங்களோ புள்ளிகளோதான் தெரியும். கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோப்பில் தமிழ் பத்திரமாகவே இருக்கிறது; காட்டும் இடத்தில்தான் குறை. எங்கே குறை என்பதை இரண்டு படியாகப் பார்ப்போம்.

யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ‘க’-வின் எண் 2965. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும் என்பதால் இவ்வெண்ணைப் பிரித்து எழுத வேண்டும். அதற்கான யுடிஎஃப்-8 என்னும் முறையைக் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் உருவாக்கினார்கள். தமிழ் எழுத்துகளுக்கு இம்முறை இப்படி: எண்ணை 4096, 64, 1 என்னும் இடமதிப்புகளால் பிரியுங்கள். 2965 = 0×4096 + 46×64 + 21. முதல் எண்ணோடு 224-ஐயும், மற்ற இரண்டோடு 128-ஐயும் கூட்டுங்கள். 224, 174, 149. இந்த மூன்று பைட்டுகளே வட்டில் எழுதப்படும் ‘க’. இனி ‘ம’-வின் எண் 2990 என்று கொண்டு நீங்களே அதன் மூன்று பைட்டுகளைக் கண்டுபிடியுங்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லை நாம் 3 எழுத்து என்போம். யூனிகோடோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகக் கொள்கிறது. ஆகவே வட்டில் 15 பைட்டுகள். உங்கள் அமைப்பில் சொல்லெண்ணும் கருவி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதைக் கொண்டு எண்ணிப் பாருங்கள். 16 என்று வந்தால் திகைக்க வேண்டாம். வரியின் முடிவைக் குறிக்கும் ஒரு பைட்டும் சேர்ந்திருக்கும்.

குறியீடு சரி, காட்டுவது ஏன் தவறுகிறது? கறுப்புத் திரையின் எழுத்துரு 256 அல்லது மிஞ்சினால் 512 வடிவங்களையே கொள்ளும். அதுவும் ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம், இடமிருந்து வலமாக வந்த வரிசையிலேயே என்ற கட்டுப்பாடு. ஆங்கிலத்திற்கு இது போதும். நமக்கு? ‘கொ’ என்று எழுதிப் பாருங்கள். கோப்பில் இரண்டே குறியீடுகள்: முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. ஆனால் தாளில் நீங்கள் எழுதுவது மூன்று துண்டுகள்: முதலில் கொம்பு, நடுவில் ‘க’, இறுதியில் கால். உச்சரிப்பில் பின்னால் வருவதன் ஒரு பகுதி எழுத்தில் முன்னால் வந்துவிட்டது! குறியைப் பிளந்து, கொம்பை முன்னே நகர்த்தி, காலைப் பின்னே வைக்கும் இந்த வேலையைச் செய்வதுதான் நாம் மேலே கண்ட ஹார்ஃப்பஸ். அது தீர்மானித்த வடிவங்களை வரைவது ஃப்ரீடைப். வரைவதற்கு வேண்டிய வடிவங்கள் இருக்குமிடம் லோஹித் தமிழ், நோட்டோ போன்ற எழுத்துருக் கோப்புகள்.

ஆகவே படத்திரை அமைப்பைக் கட்டும்போது பெரிய மேசைச் சூழல் எதற்கும் அவசரப்படாமல், ஒரு சன்னல், அதில் ‘கொ’ என்ற ஓரெழுத்து சரியாகத் தெரிய வேண்டும் என்பதை முதல் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் கெர்னலின் படத்திரை இயக்கியிலிருந்து எழுத்துரு வரை ஒவ்வொரு கண்ணியும் சரியாகக் கோத்திருக்கிறது என்று பொருள். இதைவிடச் சிறந்த சோதனையை ஆங்கிலம் மட்டும் படிப்பவர் பெறுவது கடினம்!

காவற்காரர் யார்?

கடையில் வாங்கிய இயங்குதளத்தில் ஓட்டை கண்டால் அடைத்துத் தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கட்டியதற்கு நீங்களே காவற்காரர். இது வெறும் பேச்சல்ல என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

ஓப்பன்-எஸ்எஸ்எல் என்பது இணையப் பேச்சை மறைகுறியாக்கும் பொதி. உங்கள் அமைப்பிலும் இருக்கிறது. இதில் ‘உயிரோடு இருக்கிறாயா?’ என்று மறுமுனையைக் கேட்கும் ஒரு வசதி இருந்தது. கேட்பவர் ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்புவார். மறுமுனை அதையே திருப்பி அனுப்ப வேண்டும். ‘பூ’ என்று ஒரு சின்னச் சொல்லை அனுப்பிவிட்டு, ‘இதன் நீளம் 64,000 பைட்’ என்று பொய் சொன்னால்? சொல்லின் உண்மையான நீளத்தைச் சரிபார்க்கும் வரி அந்நிரலில் விடுபட்டிருந்தது. ஆகவே மறுமுனை ‘பூ’-வையும், நினைவகத்தில் அதன் அருகே கிடந்த 64,000 பைட் அளவான பிறர் விஷயங்களையும் சேர்த்து அனுப்பிற்று. அவற்றில் கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் இருக்கலாம். 2012-இல் வெளிவந்த பதிப்பில் நுழைந்த இந்தப் பிழை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. ‘ஹார்ட்பிளீட்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்த இரண்டாண்டுக் காலமும் மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் முன்னால் திறந்தே இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி பிழையன்று, சூழ்ச்சி. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் பொதியும் உங்கள் 80 பொதிகளுள் ஒன்று. அதைப் பேணிவந்தவருக்கு உதவியாக ஒருவர் புனைபெயரில் வந்து சேர்ந்து, ஈராண்டுக்கும் மேலாக நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்றார். 2024-இன் தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு திருட்டு வாசலை ஒளித்து வைத்தார். அது சோதனைக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதைக் கிளப்பிவிடும் வரிகளோ எல்லாரும் பார்வையிடும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய மூட்டையில் மட்டும் இருந்தன. தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும் வாயிலைத் திறந்துவிடுவதே நோக்கம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், அவ்வாறு நுழையும்போது வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் துருவினார். 2024 மார்ச் 29 அன்று உண்மையை உலகுக்கு அறிவித்தார். அரை வினாடி! எத்தனை பேர் அதைப் பொருட்படுத்தியிருப்போம்?

இதில் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒவ்வொரு மூட்டையையும் பிரிக்கும் முன் அதன் முத்திரை எண்ணைச் சரிபார்க்கும்படி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கோப்பின் எல்லா பைட்டுகளையும் கலக்கிக் குறிப்பிட்ட நீளம் கொண்ட ஓர் எண்ணாக்குவது அது. மூலத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது உறுதி. ஆனால் எக்ஸ்-இசட் மூட்டையின் முத்திரை மிகச் சரியாகவே இருந்தது! மூட்டையைக் கட்டியவரே நஞ்சை வைத்தால் முத்திரை என்ன செய்யும்? அனுப்பியது அப்படியே வந்து சேர்ந்ததா என்பதை அது சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா என்பதைச் சொல்லாது.

ஆகவே மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, பாதுகாப்பு அறிவிப்புகளைப் படித்து, உங்கள் பொதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கெர்னல், ஓப்பன்-எஸ்எஸ்எல், இணைய உலாவி ஆகியவற்றை முதலில் கவனியுங்கள். சி மொழியின் அடிப்படை நூலகத்தை மட்டும் துணிந்து மாற்றிவிடாதீர்கள். ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன்மேல் நிற்கின்றன. பழைய பதிப்பைத் தவறிப் பொருத்தினால், அதை நீக்குவதற்கான கட்டளைகூட ஓடாது. அதில் பெரிய மாற்றம் வரும்போது முழு அமைப்பையும் புதிதாகக் கட்டிவிடுவதே மேல்.

கம்பைலரைக் கட்டியது யார்?

புதிதாகக் கட்டுவது என்றவுடன் அலுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது முறை கட்டுவதில்தான் சுவையான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது.

எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டினோம் என்கிறோம். கட்டிய முதல் கம்பைலரை எதைக்கொண்டு கட்டினீர்கள்? பழைய இயங்குதளத்தின் கம்பைலரைக்கொண்டு. அதைக் கட்டியது? அதற்கு முந்தைய கம்பைலர். யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரும், நாம் முன்பு சந்தித்தவருமான கென் தாம்ப்சன், 1984-இல் வெளியான தம் டூரிங் விருதுச் சொற்பொழிவில் ஓர் அச்சத்தை எழுப்பினார். ஒரு கம்பைலரை இப்படித் திருத்திவிடலாம்: கடவுச்சொல் கேட்கும் நிரலைக் கட்டும்போது அதில் ஒரு திருட்டு வாசலைச் சேர்க்கும், கம்பைலரின் மூலநிரலையே கட்டும்போது இந்தத் திருத்தத்தையும் புதிய கம்பைலருக்குள் சேர்த்துவிடும். பிறகு மூலநிரலிலிருந்து தீய வரிகளை நீக்கிவிடலாம். வரிக்கு வரி படித்தாலும் குற்றம் தெரியாது. நோயோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

இதற்கு மருந்து உண்டா? டேவிட் வீலர் என்பவர் 2005-இல் ஒரு வழியை விளக்கிக் காட்டினார். சந்தேகத்திற்குரிய கம்பைலரின் மூலநிரலை, முற்றிலும் வேறான இரண்டாவது கம்பைலரால் கட்டுங்கள். அவ்வாறு பிறந்த கம்பைலரைக்கொண்டு அதே மூலநிரலை மறுபடியும் கட்டுங்கள். முதற் கம்பைலர் தன்னைத்தானே கட்டிக்கொண்டதும் இதுவும் பிட்டுக்குப் பிட்டு ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தால், அந்த முதற் கம்பைலரில் அவ்வகை நோய் இல்லை. இருக்க வேண்டுமானால் இரண்டு கம்பைலர்களிலும் ஒரே சூழ்ச்சி புகுந்திருக்க வேண்டும். வேறு சிலர் வேரையே தேடிப் போனார்கள். 2023-இல் கீக்ஸ் என்னும் திட்டத்தினர், கையால் படித்துச் சரிபார்க்கத்தக்க 357 பைட்டுகளே கொண்ட ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஏறி, முழுக் கம்பைலர் வரை கட்டிக் காட்டினார்கள். தமிழில் எழுதினால் அந்த 357 பைட்டில் 119 குறியீடுகளே அடங்கும்!

அவ்வளவு தூரம் போகுமுன் உங்கள் அமைப்பிலேயே ஒரு சிறிய பரிசோதனை செய்யலாம். ஒரே பொதியை, ஒரே கம்பைலரால், அரை மணி இடைவெளியில், இரண்டு தனி அடைவுகளில் கட்டுங்கள். உண்டான கோப்புகள் அனைத்தின் முத்திரை எண்களையும் எடுத்து இரண்டு பட்டியலாக்கி ஒப்பிடுங்கள். பெரும்பாலானவை ஒத்திருக்கக்கூடும். சில ஒத்திரா. எந்தக் கோப்பு, எந்த பைட்டில் மாறுகிறது என்று தேடுங்கள். சிலவற்றில் நீங்கள் கட்டிய அடைவின் பெயரே பதிந்திருக்கும். ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பின் தலைப்பில் நேரத்திற்கென்று 4 பைட்டுகள் உண்டு. 1970 சனவரி 1 முதல் எத்தனை வினாடிகள் என்ற எண் அது. கெர்னலைக் கட்டிப் பார்த்தால் அதுவும் இரண்டு முறையும் ஒன்றாக இராது. கெர்னல் தன் பதிப்பைச் சொல்லும் வரியைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள். அதைக் கட்டிய நாளும் மணியும் நிமிடமும் வினாடியும் அங்கே இருக்கும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் கண்டு, அதை நீக்கி, மறுபடி கட்டி, பட்டியல்கள் இரண்டும் ஒன்றாகின்றனவா என்று பாருங்கள்.